ஒரு வரிகூட மாற்றவில்லை

சென்ற மாதம் உங்கள் மென்பொருள் பிரிவின் மதிய விருந்துக்கு, ஓய்வுபெற்ற என்னையும் அழைத்திருந்தீர்கள். சாப்பாட்டு மேசையில் உங்களுக்குள் ஒரு வாக்குவாதம் ஓடியது. இப்போதிருக்கும் கம்பைலரையே வைத்துக்கொள்வதா, புதிதாக வந்திருப்பதற்கு மாறுவதா என்று. புதியதில் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது பாருங்கள் என்று ஒரு தம்பி கைப்பேசியில் ஒரு வரைபடத்தை எல்லாருக்கும் காட்டினார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "மணியம் அங்கிள், நீங்க சொல்லுங்க லா. எது பெஸ்ட்?" என்றார். நான் வாயில் மீன் முள் சிக்கியதுபோல் பாவனை செய்து தப்பித்துக்கொண்டேன்.

இந்த விஷயத்தில் ஒரு முறை நான் சொன்ன ஒரு வரிப் பதிலால் ஒரு பெண்ணின் வேலையும் பெயரும் போக இருந்தன. உங்கள் தலைவி நஸ்ரினுக்கு அது முழுக்கத் தெரியும். விருந்து முடிந்து வெளியே வந்தபோது அவர் சொன்னார்: "பேசச் சொன்னா பாதியில நிறுத்திடுவீங்க அண்ணே. எழுதிக் குடுங்க. உங்களுக்கு நல்லா வராத பகுதியையும் சேர்த்து எழுதுங்க."

எழுதுகிறேன்.

கம்பைலர் என்பது என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் யாராவது இதை எடுத்துப் படித்தால் அவர்களுக்காக இரண்டு வரி. நாம் எழுதும் நிரலை மனிதர்கள் படிக்கலாம். இயந்திரத்தால் படிக்க முடியாது. அதை இயந்திரத்தின் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள்தான் கம்பைலர். ஒரே நிரலை இரண்டு கம்பைலர்களிடம் கொடுத்தால் இரண்டும் வெவ்வேறு வழியில் மாற்றும். ஒன்று நிதானமாக ஓடும், மற்றொன்று பறக்கும். விடை மட்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நாம் நம்புகிறோம்.

பாயான் லெப்பாஸில் நம் தொழிற்சாலை அப்போது மருத்துவமனைகளில் நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்புகளுக்கான சென்சார்களைச் செய்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றும் ஒரு மிளகு அளவு. மேலே வெள்ளி நிறத்தில் மெல்லிய பூச்சு. பூச்சு சரியாக இருக்கிறதா என்று கேமராவால் பார்த்து, நல்லதை ஒரு தட்டிலும் கெட்டதை இன்னொரு தட்டிலும் போடும் ஆறு பரிசோதனை இயந்திரங்கள் இருந்தன. அவற்றின் நிரலை எழுதியவன் நான். பதினைந்து வருடமாக நான்தான் அதைப் பராமரித்தேன். என் நிரல் என்றுதான் சொல்லிக்கொள்வேன்.

வாடிக்கையாளர் கூடுதல் சரக்கு கேட்டார். பூச்சுப் பிரிவு கொடுக்கத் தயாராக இருந்தது. பரிசோதனையில்தான் எல்லாம் தேங்கி நின்றது. நிரலைத் திருத்தி எழுத எனக்குப் பொறுமை இல்லை. அந்த இயந்திரங்களுக்குள் இருந்த செயலிச் சில்லைச் செய்த நிறுவனமே வெளியிட்ட ஒரு கம்பைலர் கிடைத்தது. என் நிரலை அப்படியே எடுத்து அதில் போட்டுப் பார்த்தேன். வேகம் கூடியது. அதிலேயே 'வேகக் கணக்கு' என்று ஒரு விருப்பத் தேர்வு இருந்தது. அதையும் போட்டேன். நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். ஒரு தட்டுக்கு ஆகும் நேரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

விடை சரியா என்றும் பார்த்தேன். சோம்பேறி என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. பல வருடங்களாகச் சேர்த்து வைத்த சென்சார் படங்கள் சில ஆயிரம் என்னிடம் இருந்தன. பழைய கம்பைலரில் ஓட்டினேன், புதியதில் ஓட்டினேன். நல்லது நல்லதாகவும் கெட்டது கெட்டதாகவும் ஒன்றுவிடாமல் ஒத்துப்போயின.

அடுத்த மேசை நஸ்ரினுடையது. அவர் வேலையில் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. புதிய நிரலை நான்காம் இயந்திரத்தில் ஏற்றப் போகிறேன் என்றதும் திரும்பிப் பார்த்தார்.

"சேஞ்ச் ஃபாரம் போட்டாச்சா அண்ணே?"

"எதுக்கு? ஒரு வரிகூட மாத்தலையே. ஒரு கமாகூட மாத்தல."

"ஆனா மெஷின்ல ஓடப்போறது வேறயாச்சே?"

"நஸ்ரின், நீ இஞ்சினியரா, லாயரா?"

"எங்க அத்தா என்னை லாயராக்கத்தான் பார்த்தாரு," என்று சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் திரும்பினார்.

அவர் சொன்ன படிவம் உங்களுக்கும் தெரியும். 'நிரலில் மாற்றம் உண்டா?' என்று கேட்கும். உண்டு என்று குறித்தால் தரப்பிரிவு அந்த இயந்திரத்தை நிறுத்தி மூன்று வாரம் முழுச் சோதனை செய்யும். அந்த மூன்று வாரம் எனக்கு வேண்டாம். அந்த வருடம் என்னைப் பிரிவுத் தலைவராக்கப் போவதாகப் பேச்சு இருந்தது. வேகம் கூடியதை மேலிடத்துக்குக் காட்ட எனக்கு அவசரம். வாராந்திரப் பராமரிப்புத் தாளிலும் இருந்த அந்தக் கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டேன். எழுத்துக்கு எழுத்து அது உண்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்காம் இயந்திரத்தைப் பகலில் இயக்கியவர் புவனா. ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு, நாற்பத்தைந்து வயதிருக்கும், இருபது வருடத்துக்கு மேல் அதே வேலை. தினமும் காலையில் இயந்திரத்தை ஓட்டும் முன் வேண்டுமென்றே கீறிய சென்சார்கள் உள்ள ஒரு சோதனைத் தட்டை வைத்து, எல்லாவற்றையும் இயந்திரம் தள்ளிவிடுகிறதா என்று பார்த்துத்தான் தாளில் கையெழுத்திடுவார். அதில் யாரும் அவரைக் குறை சொன்னதில்லை.

ஏற்றி ஒரு வாரம் இருக்கும். தேநீர் இடைவேளையில் உணவகத்துக்குப் போகும் வழியில் அவர் என்னை நிறுத்தினார்.

"அண்ணே, நாலாம் நம்பர் கறுப்பு பீஸை விட்டுடுது. நேத்து நல்ல தட்டுல ஒன்னு கெடந்துச்சு. கையால எடுத்துப் போட்டேன்."

"கறுப்புன்னா?"

"பூச்சே இல்லாம. மொட்டையா."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சின்னக் கீறலைப் பிடிக்கும் இயந்திரம் பூச்சே இல்லாததை விடுமா? "கண்ணாடியில தூசி இருக்கும். தொடச்சிட்டுப் பாருமா," என்றேன்.

"தொடச்சேன் அண்ணே."

"அப்போ பக்கத்துத் தட்டுல இருந்து தவறி விழுந்திருக்கும்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "சரி அண்ணே," என்று போய்விட்டார். நான் போய்த் தேநீர் குடித்தேன். இதை நான் எழுதிவைக்கவும் இல்லை, போய்ப் பார்க்கவும் இல்லை. இயந்திரத்தின் பக்கத்திலேயே எட்டு மணி நேரம் நிற்பவர் சொன்னதை, இருபது அடி நடந்து போய்ப் பார்க்காமல் தள்ளிவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஜுருவில் இருக்கும் வாடிக்கையாளரின் கிடங்கிலிருந்து தகவல் வந்தது. மாதிரிக்கு எடுத்துப் பார்த்த ஒரு பெட்டியில் மூன்று கறுப்பு சென்சார்கள். பெட்டி புவனாவின் பகல் ஷிப்ட் வேளையில் நான்காம் இயந்திரத்தில் தேறியது. அந்தப் பூச்சு இல்லாவிட்டால் சென்சார் தப்பான அளவைக் காட்டும். மருந்து எவ்வளவு இறங்குகிறது என்று பம்புக்குத் தெரியாது. பம்பின் மறுமுனையில் ஒரு நோயாளி இருப்பார்.

தரப்பிரிவின் மேலாளர் மேடம் லிம் கடுமையானவர், ஆனால் நியாயமானவர். என்னை அழைத்து ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நான்காம் இயந்திரத்தில் ஏதாவது மாறியதா?"

"இல்லை."

அவர் பராமரிப்புத் தாளைப் பார்த்தார். என் கையெழுத்து இருந்தது. இயந்திரம் மாறவில்லை என்றால் மீதி ஒரே வழிதான். தட்டு சிக்கிக்கொண்டால் எடுப்பதற்காக அந்த இயந்திரங்களில் ஒரு சாவி உண்டு. அதைத் திருப்பிவிட்டால் பரிசோதிக்காமலே எல்லாம் நல்ல தட்டுக்குப் போகும். எண்ணிக்கையைக் காட்டுவதற்காக புவனா சாவியைத் திருப்பி ஓட்டிவிட்டு, சோதித்ததாகப் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று முடிவானது. பொய்க் கையெழுத்துக்கு நம் தொழிற்சாலையில் என்ன தண்டனை என்று உங்களுக்குத் தெரியும். மறுநாளே அவரை இடைநீக்கம் செய்து, அடுத்த வியாழக்கிழமை உள்விசாரணை என்று கடிதம் கொடுத்தார்கள். அவருடைய அந்த ஒரு வேளைச் சரக்கை மட்டும் நிறுத்திவைத்தார்கள்.

அப்போதுதான் எனக்கு அவர் சொன்னது உறைத்தது. வெள்ளிக்கிழமை காலை மேடம் லிம்மிடமிருந்து அந்த மூன்று கறுப்புச் சென்சார்களில் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். நஸ்ரின் உடன் இருந்தார். ஆய்வு அறையில் பழைய கம்பைலரின் நிரலை ஏற்றி வைத்தோம். சிவப்பு விளக்கு. தள்ளியது. புதிய கம்பைலரின் நிரலை ஏற்றி வைத்தோம்.

பச்சை விளக்கு.

மறுபடி வைத்தோம். பச்சை. திருப்பி வைத்தோம். பச்சை. கொஞ்சம் கீறியதை வைத்தால் சிவப்பு. முழுக்கக் கெட்டதை வைத்தால் பச்சை!

காரணத்தைக் கண்டுபிடிக்க மதியம் வரை ஆயிற்று. சென்சாரின் நடுப்பகுதியில் தெரியும் வெளிச்சத்தை மொத்த வெளிச்சத்தால் வகுத்து மதிப்பெண் போடுவது என் நிரலின் வழி. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் பூச்சே இல்லாவிட்டால் இரண்டும் பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் வருவது எண்ணே அல்ல. அது ஐந்தைவிடப் பெரிதா என்று கேட்டாலும் இல்லை, சிறிதா என்று கேட்டாலும் இல்லை. நான் எழுதியிருந்தது, 'மதிப்பெண் எல்லையைத் தாண்டினால் ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் தள்ளு' என்று. பழைய கம்பைலர் அதை அப்படியே கேட்டது. தாண்டியதா? இல்லை. தள்ளு. புதிய கம்பைலர், வேகத்துக்காகக் கேள்வியைத் திருப்பிப் போட்டிருந்தது. எல்லைக்குக் கீழே இருக்கிறதா? இல்லை. அப்படியானால் ஏற்றுக்கொள்.

கம்பைலர்மீது குற்றமில்லை. எண் அல்லாத ஒன்று இந்த நிரலில் ஒருபோதும் வராது என்று நாம் வாக்குக் கொடுத்தால்தான் அது அப்படித் திருப்பிப் போடும். அந்த 'வேகக் கணக்கு' என்ற தேர்வே அந்த வாக்குதான். கையேட்டில் தெளிவாக எழுதியிருந்தது. நான் படிக்காமல் கொடுத்துவிட்டேன்.

சோதித்த படங்களில் ஏன் இது தெரியவில்லை என்று கேட்பீர்கள். அந்தத் தொகுப்பில் முழுக் கறுப்புப் படமே கிடையாது. பல வருடங்களுக்கு முன் படங்களைச் சேர்த்தபோது, கறுப்பாக இருந்தவற்றையெல்லாம் கேமரா சரியாக எடுக்காத படங்கள் என்று நினைத்து அழித்தவன் நானேதான்.

"இப்பவே மேடம் லிம்கிட்ட போகலாமா அண்ணே?" என்றார் நஸ்ரின்.

"முதல்ல மெஷினைச் சரி பண்ணுவோம்," என்றேன்.

சரி செய்தேன். பழைய கம்பைலரின் நிரலை நான்காம் இயந்திரத்தில் திரும்ப ஏற்றினேன். அதற்கும் தாளில் 'மாற்றம் இல்லை' என்று குறித்தேன். இனி ஒரு கறுப்புச் சென்சாரும் வெளியே போகாது, ஆபத்து முடிந்தது, மீதியை யோசித்துச் செய்யலாம் என்று நினைத்தேன். உண்மையில் நான் யோசித்தது ஒன்றைத்தான். புவனா செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்தை, பொய்க் கையெழுத்தை, செய்தவன் நான். அவருக்கு என்ன தண்டனையோ அதே எனக்கும். ஐம்பத்தாறு வயதில் வெளியே போனால் யார் வேலை கொடுப்பார்கள்? விசாரணையில் சாட்சி போதாது என்று அவரை எச்சரித்து விட்டுவிடுவார்கள், யாருக்கும் நஷ்டம் இல்லாமல் முடிந்துவிடும் என்றெல்லாம் மனத்தில் கோட்டை கட்டினேன். ஆறு நாள் கட்டினேன்.

நஸ்ரின் திங்கட்கிழமை ஒரே ஒரு முறை அந்தப் பேச்சை எடுத்தார். "நான் போய்ச் சொல்லிட முடியும் அண்ணே. சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை வரைக்கும் சொல்ல மாட்டேன்." அந்த 'வரைக்கும்' என்ற சொல் காதில் விழாததுபோல் நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகுமுன் ஜெலுத்தோங் பாசாரில் காய்கறி வாங்க இறங்கினேன். அங்கே நீல நிறச் சீருடையில், தொழிற்சாலை அட்டை கழுத்தில் தொங்க, கீரைக் கடை ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் புவனா உட்கார்ந்திருந்தார்.

"என்ன புவனா, இங்க?"

"வீட்ல சொல்லல அண்ணே. யூனிஃபார்ம் போட்டுக் கெளம்பி வந்துடுறேன். இங்க கொஞ்ச நேரம், அப்புறம் லைப்ரரி. ஏர்கான் இருக்கு லா." சிரிக்கப் பார்த்தார். "எங்க வூட்டுக்காரருக்கு சட்டுனு கோவம் வரும். ஃபேக்டரி கேட்டுல போய் சண்டை போடுவாரு. அப்புறம் இருக்கிற மானமும் போயிடும்." பிறகு கேட்டார்: "மெஷினைப் பார்த்தீங்களா அண்ணே?"

"பார்த்துட்டு இருக்கோம்," என்றேன்.

வேலை வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இதற்குத்தான் நான் இன்னும் வெட்கப்படுகிறேன். தாளில் சொன்ன பொய்யை ஒரு கட்டத்துக்குள் குறித்தேன். இதை ஒரு முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

வியாழக்கிழமை. நீண்ட மேசை, விசாரணைக் குழுவில் மூன்று பேர், ஓரத்தில் மேடம் லிம். இயந்திரத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நானும் புவனாவும் மட்டுமே. அவர் மலாயில் பேசினார். நிதானமாகத்தான் பேசினார். சாவியைத் தொடவில்லை என்றார். சோதனைத் தட்டை வைத்தேன், எல்லாம் தள்ளியது, அதன் பிறகுதான் கையெழுத்து என்றார்.

"கறுப்பு சென்சாரை முன்பே பார்த்ததாகச் சொல்கிறீர்கள். யாரிடமாவது சொன்னீர்களா?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

"சொன்னேன்."

"யாரிடம்?"

புவனா அவரைப் பார்க்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "நீங்களே சொல்லிடுங்க அண்ணே. என் வாயால உங்களைக் காட்டிக் குடுக்க வைக்காதீங்க."

தலைவருக்குப் புரியவில்லை. என்னிடம் கேட்டார்: "என்ன சொல்கிறார், மிஸ்டர் மணியம்? மொழிபெயர்க்க முடியுமா?"

தம்பிகளே, தங்கைகளே, அந்த ஒரு கணத்தில் என் மனத்தில் ஓடியதை மறைக்கப் போவதில்லை. 'சரியாக நினைவில்லை என்கிறார்' என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு வாக்கியம் என் நாக்கு வரை வந்தது. ஆனால் அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை அவர் எதிரிலேயே மாற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு மட்டும் எனக்குத் துணிவு வரவில்லை. என் நல்ல குணத்தால் உண்மையைச் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

"உண்மையை நானே சொல்ல வேண்டும் என்கிறார்," என்றேன். "அவர் கறுப்பு சென்சாரைப் பற்றிச் சொன்னது என்னிடம். நான் கேட்கவில்லை. குறை இயந்திரத்தில்தான் இருந்தது. கம்பைலரை மாற்றினேன். தாளில் குறிக்கவில்லை. ஆறு நாள் முன்பே எனக்குத் தெரியும்."

மேடம் லிம் பேனாவை எடுத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை?"

சொன்னேன்.

"அப்படியென்றால் இவருடைய ஒரு வேளை மட்டும் இல்லை. நான்காம் இயந்திரத்தில் அத்தனை நாளும், எல்லா வேளையும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இயந்திரத்தைச் சரி செய்தால் ஆபத்து முடிந்தது என்று ஆறு நாளாக நம்பியிருந்தேன். முன்பே தேறிப்போன சரக்கு என்ன ஆயிற்று என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. நிறுத்திவைத்தது ஒரு வேளைச் சரக்கை மட்டும்தான். மற்றது எல்லாம் ஜுருவைத் தாண்டிப் போயிருக்கும். என் தோலைக் காப்பாற்றுவதில் மும்முரமாக இருந்ததால் நோயாளியை மறந்துவிட்டேன். பயம் அப்படித்தான் செய்யும். யோசிப்பதாக நம்மை நினைக்கவைத்துக்கொண்டே யோசிக்க விடாது.

மேடம் லிம் அங்கேயே தொலைபேசியை எடுத்தார். விசாரணை அறை போக்குவரத்து அறையாக மாறியது. சரக்கு எங்கே? பட்டர்வொர்த்தில், துறைமுகத்தில், சரக்குப் பெட்டகத்துக்குள். கப்பல்? சனிக்கிழமை. பெட்டகத்தை நிறுத்த முடியுமா? கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அந்தப் பதில் வர ஆன நேரம் நாற்பது நிமிடம். புவனா எழுந்து போகவில்லை. அவரைப் போகச் சொல்லவும் எல்லாரும் மறந்துவிட்டார்கள். குழுத் தலைவர் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

தொலைபேசி அடித்தது. மேடம் லிம் கேட்டார், "ஓகே, ஓகே," என்றார், வைத்தார்.

"இன்னும் ஏற்றவில்லை. திரும்பி வருகிறது."

நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அழுதேன் என்றே எழுதிவிடுகிறேன். என் வேலை என்ன ஆகும் என்ற நினைப்பு அந்த நேரத்தில் வரவே இல்லை. ஆறு நாளில் முதல் தடவையாக மூச்சு முழுதாக உள்ளே போயிற்று.

திரும்பி வந்த சரக்கை ஒன்றுவிடாமல் மறுபடி ஓட்டினோம். இரண்டு வாரம் ஆயிற்று. கறுப்புச் சென்சார்கள் எல்லா வேளைகளிலும் இருந்தன, புவனா வேலைக்கு வராத நாட்களிலும்கூட. அவற்றில் ஒன்றுகூடக் கடல் தாண்டவில்லை. எனக்குக் கடைசி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வரவிருந்த தலைவர் பதவி போயிற்று. வேலை போகவில்லை. மேடம் லிம் எனக்காகப் பேசினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஏன் என்று அவரிடம் கேட்கும் தைரியம் எனக்கு வந்ததே இல்லை.

இப்போது உங்கள் கேள்வி. அதன் பிறகு அந்தப் புதிய கம்பைலரை முறைப்படி படிவம் போட்டு, மூன்று வாரம் சோதித்து, ஆறு இயந்திரங்களிலும் ஏற்றினோம். 'வேகக் கணக்கு' தேர்வை மட்டும் எடுத்துவிட்டோம். வேகத்தில் பெரும்பகுதி அப்படியே கிடைத்தது. அதற்குத் தேவைப்பட்டது நான் திருடப் பார்த்த அந்த மூன்று வாரம்தான். ஆகவே தம்பி, உங்கள் வரைபடத்தில் வேகமாக ஓடுவதையே எடுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. அது எந்த வாக்கை உங்களிடம் வாங்கிக்கொண்டு வேகமாக ஓடுகிறது என்று மட்டும் கையேட்டில் படியுங்கள். உங்கள் சோதனைப் படங்களிலிருந்து யார் எதை, எதற்காக அழித்தார்கள் என்று விசாரியுங்கள். இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவர் ஏதாவது சொன்னால், கையில் தேநீர் இருந்தாலும் வைத்துவிட்டுப் போங்கள்.

விசாரணை முடிந்த அன்று மாலையே புவனாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கைப்பையை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும் அண்ணே. கார் கொண்டாந்திருக்கீங்களா?"

"இருக்கு."

"அப்போ வாங்க. எங்க வூட்டுக்காரர்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா, நான் எதையோ மறைக்கிறேன்னு நெனைப்பாரு. ஒரு வாரம் மறைச்சிருக்கேன்ல."

ஐந்தாம் மாடி. மின்தூக்கி பழுது. அவருடைய கணவர் பள்ளி வேன் ஓட்டுபவர், அகலமான தோள், கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தாள், கையெழுத்து, பாசாரில் சொன்ன பொய் வரைக்கும். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்போ இவ மேல தப்பு இல்ல."

"ஒன்னும் இல்ல. எல்லாம் என் தப்பு."

"அதை எழுதிக் குடுப்பாங்களா?"

"நாளைக்குக் கடிதம் வரும். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க."

அவர் நீளமாக மூச்சு விட்டார். "உக்காருங்க. இவ அண்ணேன்னு கூப்பிடுறா. இல்லாட்டி நான் வேற மாதிரி பேசிருப்பேன்." சமையலறைப் பக்கம் போய் ஒரு கோப்பைத் தேநீருடன் வந்து என் முன்னால் வைத்தார். பிறகு மனைவியிடம், சாதாரணமாக, "பாசார்ல அந்தக் கீரைக் கடை நாற்காலி ஒரு பக்கம் உடைஞ்சிருக்கும், பார்த்து உக்காரணும்," என்றார்.

புவனா அப்படியே நின்றுவிட்டார். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வேன் அந்த வழியாத்தானே போகுது. மொத நாளே பார்த்தேன்."

"மொத நாளேவா? பார்த்துட்டு சும்மாவா போனீங்க?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

"நானா சொல்லணுமா! ஒரு ஹார்ன் அடிக்கக் கூடாது? ஒத்தையா உக்காந்திருந்தேனே மனுஷா!"

"வேன் நிறைய பிள்ளைங்க லா. ஹார்ன் அடிச்சு என்னன்னு சொல்றது?"

"சாயங்காலம் வந்து சொல்றது! சோறு மட்டும் கேக்கத் தெரியுது!"

இருவரும் என்னை மறந்துவிட்டார்கள். புவனா கத்தினார், அவர் கணவர் அதைவிட மெல்லிய குரலில் விட்டுக்கொடுக்காமல் பதில் சொன்னார், நடுவில் புவனா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கவும் தொடங்கினார். நான் தேநீரை முழுவதும் குடித்துவிட்டு, சொல்லாமல் எழுந்து வந்தேன். படியிறங்கும்போது இரண்டாம் மாடி வரைக்கும் அவர்கள் சண்டை கேட்டுக்கொண்டே வந்தது. முப்பத்தோரு வருட வேலையில் இவ்வளவு நிம்மதி தந்த சத்தம் வேறு எதையும் நான் கேட்டதில்லை.